மக்டவல் கௌண்டி: அமெரிக்க மலைநாட்டில் ஒரு வாழ்வு



அமெரிக்கா என்றவுடன் நம் மனக்கண்முன் எழுபவை நியூயார்க்கின் வானளாவிய மாளிகைகள், கலிபோர்னியாவின் கணினி நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள் ஆகியவையே. அந்நாட்டுக்குச் சென்று திரும்புவோர் கூறும் செய்திகளும் பெரும்பாலும் அவற்றைப் பற்றியவை. ஆனால் அந்தத் தேசத்திற்கும் கிராமப்புறம் உண்டு. அங்கும் குடிநீருக்குக் குடம் தூக்குவோர் உண்டு. பிழைப்பைத் தேடி ஊரை விட்டுப் போனோரும், போகாமல் தங்கிவிட்டோரும் உண்டு. அத்தகைய ஒரு பகுதியின் வாழ்வை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அதன் பெயர் மக்டவல் கௌண்டி. மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில், அப்பலாச்சிய மலைத்தொடரின் மடிப்புகளுக்குள் அது அமைந்திருக்கிறது.

முதலில் 'கௌண்டி' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் எப்போதும் இடர் தருவது. 'ஜில்லா' என்று எழுதினால், பல லட்சம் மக்களும் அவர்களுக்கு மேலே ஒரு கலெக்டரும் நம் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கௌண்டிகள் உள்ளன. அவற்றுட் பலவற்றின் ஜனத்தொகை நம் ஊரில் ஒரு சிறு பட்டணத்தின் அளவுகூட இராது. அங்கே மேலிடத்தினின்று அனுப்பப்படும் கலெக்டர் இல்லை. மக்டவலில் மக்கள் தேர்ந்தெடுக்கும் மூன்று ஆணையர்கள் நிர்வாகத்தைக் கவனிக்கிறார்கள். ஷெரிப் என்பவரும் தேர்தலில் வென்று வருபவரே. திருடனைப் பிடிப்பதும் அவர் பொறுப்பு, வரி வசூலிப்பதும் அவர் பொறுப்பு. பள்ளிகளை நடத்தும் கல்விக் குழுவையும் மக்களே வாக்களித்து அமைக்கிறார்கள். ஆக, ஊரின் காரியங்களை ஊராரே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. இதன் சிறப்பு வெளிப்படை. இதன் பலவீனமோ, ஊரின் வருவாய் வற்றும்போதுதான் தெரியவரும்.

மக்டவல் கௌண்டி 1858ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. அப்போது அது வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. உள்நாட்டுப் போரின் நடுவே, 1863இல், மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானபோது அதனுடன் சென்றது. பரப்பு ஏறத்தாழ 535 சதுர மைல். மலைகள் இமயத்தைப்போல் வானை முட்டுபவை அல்ல. ஆயினும் சரிவுகள் செங்குத்தானவை. இரு மலைகளுக்கிடையே ஓர் ஓடை, அதன் கரையில் ஒரு பாதை, ஒரு ரெயில் தண்டவாளம், ஒற்றை வரிசையாகச் சில வீடுகள். இவ்வளவுக்குத்தான் சமநிலம் உண்டு. இத்தகைய மலையிடுக்கை அவ்வூரார் 'ஹாலர்' என்பார்கள். 'நீ எந்த ஹாலர்?' என்று கேட்பது, நம்மவர் 'எந்த ஊர்?' என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

1880இல் இக்கௌண்டியில் வாழ்ந்தவர்கள் சுமார் மூவாயிரம் பேரே. வேட்டையும் சிறு விவசாயமுமே அவர்கள் பிழைப்பு. அவர்கள் காலடியில் உலகின் மிகச் சிறந்த நிலக்கரி வகைகளுள் ஒன்று உறங்கிக் கிடந்தது. போகஹாண்டஸ் நிலக்கரி என்று புகழ்பெற்ற அது புகை குறைவாக எரிவது. போர்க்கப்பல்களின் கொதிகலன்களுக்கு அமெரிக்கக் கடற்படை அதனை விரும்பி வாங்கியது. எஃகு உருக்கும் ஆலைகளுக்கு வேண்டிய கோக் கரியும் அதிலிருந்து கிடைத்தது. 1880களின் இறுதியில் நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரெயில்வே மலையைக் குடைந்து உள்ளே நுழைந்தது. அன்று தொடங்கியது மக்டவலின் புதிய வரலாறு.

சுரங்கத்துக்கு ஆட்கள் வேண்டும். மலைவாசிகள் மட்டும் போதவில்லை. இத்தாலியிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் போலந்திலிருந்தும் குடும்பங்கள் கப்பலேறி வந்தன. தெற்கு மாநிலங்களின் பருத்தி வயல்களிலிருந்து கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். தெற்கே அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த வாக்குரிமை இங்கே கிடைத்தது. பள்ளிகள் நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தன என்பதும் உண்மை. ஆயினும் வாக்குச்சீட்டு கையிலிருந்ததால் அவர்கள் குரலுக்கு மதிப்பு இருந்தது. 1928இல் இக்கௌண்டியின் கீஸ்டோன் ஊரைச் சேர்ந்த மின்னி பக்கிங்ஹாம் ஹார்ப்பர், மறைந்த தம் கணவரின் இடத்தில் மாநிலச் சட்டசபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அமெரிக்காவில் சட்டசபையில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண்மணி அவரே. அதே 1928இல், முதல் உலகப் போரில் பணிபுரிந்த கறுப்பின வீரர்களுக்காகக் கிம்பால் என்னும் ஊரில் ஒரு நினைவு மண்டபம் எழுந்தது. பின்னாளில் தீயால் சிதைந்த அம்மண்டபம் புதுப்பிக்கப்பட்டு, இன்றும் நின்றுகொண்டிருக்கிறது.

ஊர்களை நிறுவியவை கம்பெனிகள். யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் நிறுவனம் அமைத்த ஊருக்கு அதன் தலைவர் கேரியின் பெயரே சூட்டப்பட்டது. வீடு கம்பெனியுடையது, வாடகை கூலியில் பிடித்துக்கொள்ளப்படும். வைத்தியரும் கம்பெனியின் ஆள். அரிசி, மாவு முதல் சவப்பெட்டி வரை வாங்கத்தக்க கடையும் கம்பெனிக் கடையே. பல சுரங்கங்களில் கூலியின் ஒரு பகுதியை நாணயமாகத் தராமல், தன் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் வில்லைகளாகக் கம்பெனி கொடுத்தது. வலக்கையால் கொடுத்ததை இடக்கையால் திரும்பப் பெற்றுக்கொள்ளும் வித்தை அது.

இந்நிலையில் தொழிற்சங்கம் அமைப்பது எளிதாயிருக்குமா? 1921 ஆகஸ்டு முதல் தேதியன்று, தொழிலாளர்களிடம் பரிவு காட்டிய சிட் ஹாட்ஃபீல்டு என்னும் போலீஸ் தலைவர் ஒரு வழக்கின் பொருட்டு மக்டவலின் தலைநகரான வெல்ச்சுக்கு வந்தார். நீதிமன்றத்தின் படிக்கட்டிலேயே, சுரங்க முதலாளிகளின் கூலிக் காவலர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கொன்றவர்கள் தண்டிக்கப்படவில்லை. அதைக் கேட்டு வெகுண்டெழுந்த சுரங்கத் தொழிலாளர் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் ஆயுதம் தாங்கிப் புறப்பட்டார்கள். வேறொரு கௌண்டியில் பிளேர் மலையில் நடந்த மோதல் அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் மறக்கப்படாத ஒன்று. சங்கம் உறுதியாகக் காலூன்ற மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

சுரங்கத்தினுள் ஆபத்து அன்றாடத் துணை. 1940 ஜனவரி 10ஆம் தேதி பார்ட்லி என்னும் ஊரின் சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 91 பேர் மாண்டார்கள். வெடியில் மாளாதவர்களையும் கரித்தூசி விடவில்லை. நுரையீரலில் படிந்து மூச்சைச் சிறிது சிறிதாக நிறுத்தும் 'கறுப்பு நுரையீரல்' நோய்க்கு இழப்பீடு கேட்டு, மேற்கு வர்ஜீனியாத் தொழிலாளர்கள் 1969இல் வேலைநிறுத்தம் செய்த பின்னரே சட்டம் அவர்கள் பக்கம் திரும்பியது.

இத்தனை துன்பங்களுக்கிடையிலும் ஊரில் செழிப்பு இருந்தது என்பதை மறைக்கலாகாது. 1950ஆம் ஆண்டுக் கணக்கின்படி கௌண்டியின் ஜனத்தொகை 98,887. சனிக்கிழமை மாலைகளில் வெல்ச் நகரத்தின் நடைபாதைகளில் நெரிசல் தாளாது. வண்டிகளை நிறுத்த இடமின்றித் திண்டாடி, நகராட்சியே பல அடுக்குகள் கொண்ட ஒரு நிறுத்தக் கட்டடத்தை 1941இல் கட்டியது. அமெரிக்காவில் நகராட்சி ஒன்று சொந்தமாகக் கட்டிய முதல் நிறுத்தக் கட்டடம் அது என்று அவ்வூரார் பெருமையுடன் கூறுவர்.

பின்னர் இயந்திரம் வந்தது. கரியை வெட்டுவது, வாரி ஏற்றுவது ஆகிய இரு வேலைகளையும் இடைவிடாது செய்யும் இயந்திரம், பலர் செய்த வேலையைச் சிலரே செய்து முடிக்க வழி செய்தது. கரி குறையவில்லை, ஆட்கள்தாம் தேவைப்படவில்லை. 1960ஆம் ஆண்டு ஜனாதிபதி தேர்தலுக்கு நின்ற ஜான் கென்னடி இங்கு வந்து, வேலையற்ற சுரங்கத் தொழிலாளர்களின் வீடுகளைக் கண்டார். பின்பு ஓஹையோ மாநிலத்தில் பேசுகையில், நாட்டிலேயே மிகுதியாக நிலக்கரி எடுக்கும் இக்கௌண்டியில்தான் அரசாங்கத்தின் இலவச உணவுப் பொட்டலத்தை நம்பி வாழ்வோரும் மிகுதியாக இருக்கிறார்கள் என்று குறிப்பிட்டார். இந்த ஒரு முரண்பாட்டில் மக்டவலின் கதை முழுவதும் அடங்கியுள்ளது எனலாம். வறுமை என்பது ஒன்றும் இல்லாமையால் மட்டும் வருவதன்று. உள்ளது தங்காமையாலும் வருவது.

பதவியேற்ற கென்னடி, வாக்கை மறக்கவில்லை. உணவுக் கூப்பன் திட்டம் சோதனையாகச் சில இடங்களில் தொடங்கப்பட்டபோது, 1961 மே 29ஆம் தேதி, அத்திட்டத்தின் முதற் கூப்பன்கள் வெல்ச் நகரத்தில் வழங்கப்பட்டன. பதினைந்து பேர் கொண்ட ஒரு சுரங்கத் தொழிலாளியின் குடும்பம் 95 டாலர் மதிப்புள்ள கூப்பன்களைப் பெற்றது. அந்தத் திட்டத்தின் இன்றைய வடிவத்தால் அமெரிக்கா முழுவதும் சுமார் நான்கு கோடிப் பேர் பயன்பெறுகிறார்கள். மக்டவல் தேசத்துக்குத் தந்தவற்றுள் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் கூப்பன் பசியை ஆற்றுமேயன்றி வேலை தராது. 1980களில் எஃகுத் தொழில் நசிந்தபோது பெரிய கம்பெனியும் தன் சுரங்கங்களை மூடிவிட்டு வெளியேறியது. கேரி நகரத்தில் வேலையில்லாதோர் தொகை நாடெங்கும் பேசப்படும் அளவுக்கு உயர்ந்தது. மக்கள் ஓஹையோவுக்கும் மிச்சிகனுக்கும், பின்னர் வட கரோலினாவுக்கும் சென்றார்கள். 2020ஆம் ஆண்டுக் கணக்கில் கௌண்டியின் ஜனத்தொகை 19,111. எழுபது ஆண்டுகளில் ஐந்து பேரில் நால்வர் குறைந்தனர்.

முன்னர் நான் குறிப்பிட்ட பலவீனம் இங்கேதான் புலனாகிறது. கௌண்டியின் வருவாயில் பெரும்பங்கு சொத்து வரி. சுரங்கம் மூடப்பட்டதும் சொத்தின் மதிப்பு விழுகிறது. மதிப்பு விழுந்ததும் வரி விழுகிறது. வரி விழுந்ததும் பள்ளியும் பாதையும் தாழ்கின்றன. அதைக் கண்டு மேலும் பலர் வெளியேறுகிறார்கள். நிலத்தின் பெரும்பகுதியோ வெளியூர் நிறுவனங்களின் பெயரில் இருப்பதால், ஊரார் புதிதாக ஒன்றைத் தொடங்க நினைத்தாலும் கால் ஊன்ற இடமில்லை. 2001இல் பள்ளிகளின் நிலை கண்டு, மாநில அரசாங்கமே அவற்றின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 2013இல்தான் அது திரும்பக் கிடைத்தது. ஊரார் தேர்ந்தெடுத்த குழு, பன்னிரண்டு ஆண்டுகள் தன் பள்ளிகளின்மேல் அதிகாரமின்றி இருந்தது.

இன்று அங்கே ஒரு நாள் எவ்வாறு கழிகிறது? முதலில் தண்ணீர். கம்பெனிகள் தங்கள் காலத்தில் போட்ட குழாய்களும் தொட்டிகளுமே பல ஊர்களுக்கு மிஞ்சியவை. பராமரிக்கப் பணம் இல்லாமையால் அவை கெட்டுப்போயின. கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை சில ஊர்களில் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. பாதையோரத்தில் மலைச்சுனை நீர் ஒரு குழாய் வழியே விழும் இடத்தில், மக்கள் வண்டியை நிறுத்திப் பிளாஸ்டிக் கேன்களில் பிடித்துச் செல்கிறார்கள். பல வீடுகளின் கழிவு நேரே ஓடையில் கலக்கிறது. ஓடையோ, பெருமழை பெய்தால் வீட்டுக்குள் வருகிறது. 2001, 2002 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்த வெள்ளங்களும், 2025 பிப்ரவரியில் உயிர்களைப் பலிகொண்ட வெள்ளமும் மக்கள் நினைவில் ஆழப் பதிந்துள்ளன. மேட்டில் குடியேறலாமே என்று நாம் கேட்கலாம். மேடு செங்குத்து; அதில் பெரும்பகுதி அவர்களுடையதும் அன்று.

அடுத்து வேலை. சுரங்கங்கள் சில இன்னும் இயங்குகின்றன. பழைய எண்ணிக்கையில் ஆட்கள் இல்லை. பள்ளிக்கூடங்கள், அரசாங்க அலுவலகங்கள், 2010இல் திறக்கப்பட்ட மத்திய சிறைச்சாலை ஆகியவையே நிலையான சம்பளம் தருபவை. கிம்பாலில் இருந்த வால்மார்ட் பேரங்காடி 2016 ஜனவரியில் மூடப்பட்டது. நகரவாசிக்கு ஒரு கடை போனால் அடுத்த கடை. இவர்களுக்கோ பெரும் அங்காடி என்று இருந்தது அது ஒன்றே. பலருக்கு வேலை போயிற்று, வரி போயிற்று, ஏழைகளுக்கு உணவு வழங்கும் நிலையங்களுக்கு அங்கிருந்து கிடைத்துவந்த பண்டங்களும் நின்றன. கறி காய் வாங்க மலைப்பாதையில் நெடுந்தூரம் வண்டி ஓட்டிச் செல்வோர் பலர்.

மூன்றாவது, நோய். முதுகுவலியும் அடிபட்ட காலும் சுரங்கத் தொழிலின் சீதனம். வலிக்கென மருத்துவர்கள் தாராளமாக எழுதிக் கொடுத்த அபினி வகை மாத்திரைகள் இரண்டு தலைமுறைகளைக் குலைத்துவிட்டன. பெற்றோர் இறந்தோ, சிறையிலோ, போதையிலோ இருக்க, பேரப்பிள்ளைகளைப் பாட்டனும் பாட்டியும் வளர்க்கும் வீடுகள் ஏராளம். 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கணக்கின்படி மக்டவலில் ஆண்களின் சராசரி ஆயுள் 64; அங்கிருந்து 350 மைல் தொலைவில், தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய ஃபேர்ஃபாக்ஸ் கௌண்டியில் 82. ஒரே தேசம், ஒரே கொடி; இடையே பதினெட்டு ஆண்டு வாழ்வு.

இவையெல்லாம் கேட்டு, அங்கே வாழ்வே இல்லை என எண்ணிவிட வேண்டாம். ஞாயிறு தோறும் சிறு சிறு மாதாகோயில்களில் பாட்டொலி கேட்கிறது. பள்ளியின் காற்பந்தாட்டத்துக்கு ஊரே திரள்கிறது. வெள்ளம் வடிந்த மறுநாள், மண்வெட்டியுடன் அடுத்த வீட்டுக்குள் நுழைபவர் அழைப்பை எதிர்பார்ப்பதில்லை. பழைய சுரங்கப் பாதைகளில் நான்கு சக்கர மலைவண்டி ஓட்ட வெளியூரார் வருகிறார்கள்; அவர்களுக்காகச் சிறு விடுதிகளும் உணவகங்களும் தோன்றியுள்ளன. கைவிடப்பட்ட குழாய்களை ஒவ்வோர் ஊராகப் புதுப்பித்து வரும் பொது நீர் அமைப்பும் உள்ளது. இவை பெரிய தொழில்களாகா. எனினும் ஊரில் தங்கியவர்களின் உழைப்பால் ஊரில் தங்குபவை.

போனவர்களைப் பற்றியும் கூற வேண்டும். கோல்வுட் என்னும் சுரங்க ஊரில், 1957இல் ரஷ்யாவின் ஸ்புட்னிக் வானில் பறந்ததைக் கண்ட சிறுவர் சிலர் ராக்கெட் செய்யத் துணிந்தனர். சுரங்கப் பட்டறைத் தொழிலாளர்கள் அவர்களுக்கு உலோகக் குழல்களைக் கடைந்து கொடுத்தார்கள். ஃப்ரீடா ரைலி என்ற ஆசிரியை புத்தகம் தந்து ஊக்கினார். 1960இல் தேசிய விஞ்ஞானக் கண்காட்சியில் அவர்கள் பதக்கம் பெற்றார்கள். அவர்களுள் ஒருவரான ஹோமர் ஹிக்கம், நாசா நிறுவனத்தில் பொறியாளரானார். 1998இல் அக்கதையை நூலாக எழுதினார். மறு ஆண்டு அது திரைப்படமாகவும் வந்தது. அவர்கள் படித்த உயர்நிலைப் பள்ளி, மாணவர் குறைந்தமையால், 2010இல் மூடப்பட்டது. கோல்வுட்டில் ஆண்டுதோறும் நடந்துவந்த விழாவும் பெக்லி என்ற பெரிய நகருக்கு மாறிவிட்டது. கரி போன தண்டவாளத்தின் வழியேதான் கெட்டிக்காரப் பிள்ளைகளும் போனார்கள். பட்டறைக்காரரும் ஆசிரியையும் அவர்களுக்குத் தந்தது கணக்கில் ஏறாத மூலதனம்.

இதை நான் உங்களிடம் கூறுவதற்கு ஒரு காரணம் உண்டு. கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கிய தமிழ்க் குடும்பங்களை நம்மில் பலர் அறிவோம். 2001இல் அச்சுரங்கம் மூடப்பட்டபின், அங்குள்ளோர் நாள்தோறும் விடியற்காலை ரெயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வதையும் அறிவோம். கடல் கடந்த மலையிடுக்கில் நிகழ்ந்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை விரித்துரைக்கத் தேவையில்லை. டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்து இதைக் கேட்கும் நாம் அனைவருமே ஏதோ ஓர் ஊர் படிக்கவைத்து அனுப்பிய பிள்ளைகள்.

மே மாத இறுதியில், இறந்தோரை நினைக்கும் நாளையொட்டி, பிழைக்கப் போனவர்கள் மக்டவலுக்குத் திரும்பி வருகிறார்கள். பெற்றோரின் கல்லறையில் புல்லைச் செதுக்கிப் பூ வைக்கிறார்கள். உறவினரைக் கண்டு உண்டு மகிழ்ந்து, மறுநாள் புறப்பட்டுவிடுகிறார்கள். அந்த அன்பில் குறை காண்பதற்கில்லை. ஆனால் கல்லறைக்கு ஆண்டில் ஒரு நாள் போதும். குடிநீர்க் குழாய்க்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், பணமும் வேண்டும். மக்டவலின் கரி அமெரிக்காவின் பாலங்களிலும் கப்பல்களிலும் எஃகாக நிற்கிறது. அக்கடனை அந்தத் தேசம் அவ்வூருக்கு எவ்விதம் திருப்பித் தரப்போகிறது என்பது இன்னும் விடை கிடைக்காத கேள்வி. அதனினும் சிறிய, நம் கைக்கு எட்டிய கேள்வி ஒன்று உண்டு: நம்மை வளர்த்து அனுப்பிய ஊரின் பள்ளிக்கூடத்துக்கு இந்த ஆண்டு என்ன தேவை என்பதை, நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?